முற்றிய புற்றுநோய்: மருத்துவர் சொல்லும் கணக்கும் அல்லாஹ் விதித்த தவணையும்

இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசலில் கூட்டம் கலைந்த பிறகு, ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கி வந்து பக்கத்தில் உட்காருவார். கையில் ஸ்கேன் கவர் இருக்கும். "ஹஜ்ரத், அத்தாவுக்கு நாலாவது ஸ்டேஜுன்னு சொல்லிட்டாங்க. ஆறு மாசம்தானுங்க டாக்டர் சொல்றாரு. அத்தாகிட்ட சொல்லிறலாமுங்களா, வேண்டாமுங்களா?"

சென்னிமலை, பெருந்துறை, ஈரோடு வட்டாரத்தில் இமாமாக இருக்கும் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார். 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓர் ஆண்டில் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது; சுமார் 9 லட்சம் பேர் அதனால் இறக்கிறார்கள். நம் ஊரில் பலருக்கு நோய் முற்றிய பிறகுதான் தெரியவருகிறது. அந்த நேரத்தில் குடும்பத்தார் கேட்பது இரண்டு கேள்விகள்: இன்னும் எவ்வளவு காலம்? அதை நோயாளியிடம் சொல்லலாமா?

இரண்டுக்கும் மருத்துவமும் மார்க்கமும் என்ன சொல்கின்றன என்பதை இங்கே ஒரே இடத்தில் பார்ப்போம்.

நான்காம் நிலை என்றால் என்ன?

புற்றுநோய் தோன்றிய உறுப்பிலேயே சிறிதாக இருந்தால் அது முதல் நிலை. அருகிலுள்ள திசுக்களையும் நிணநீர்க் கணுக்களையும் பற்றினால் இரண்டாம், மூன்றாம் நிலைகள். இரத்தம் அல்லது நிணநீர் வழியாக எலும்பு, கல்லீரல், நுரையீரல், மூளை போன்ற தொலைவான உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் பெரும்பாலான புற்றுநோய்களில் அதுவே நான்காம் நிலை. 'முற்றிய புற்றுநோய்' என்று மருத்துவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

நான்காம் நிலை என்ற ஒரே பெயர் இருந்தாலும் எல்லா நோயாளிகளின் நிலையும் ஒன்றல்ல. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவுகளில் உள்ள எண்களைப் பாருங்கள். உடலில் பரவிய பிறகு கண்டறியப்பட்டவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருப்போர், கணையப் புற்றுநோயில் ஏறக்குறைய 100-க்கு 3 பேர். நுரையீரல் புற்றுநோயில் 100-க்கு 10 பேருக்கும் குறைவு. மார்பகப் புற்றுநோயில் 100-க்கு 30 பேர் அளவில். புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயில் மூன்றில் ஒருவர் அல்லது சற்று அதிகம். விதைப்பைப் புற்றுநோயில், உடலில் பரவியிருந்தாலும் பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

இந்த எண்கள் அங்குள்ள வசதிகளோடு கிடைத்தவை; நம் ஊர் நோயாளிக்கு அப்படியே பொருத்த முடியாது. மேலும், ஐந்தாண்டுக் கணக்கு என்றாலே அது பல ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை தொடங்கியவர்களின் கணக்கு. அதற்குப் பிறகு புதிய மருந்து வந்திருந்தால் கணக்கு மாறும். நாள்பட்ட இரத்தப் புற்றுநோய் ஒன்றுக்கு 2001-இல் இமாட்டினிப் என்ற மாத்திரை வந்த பிறகு, சில ஆண்டுகளில் இறந்துவிடுவார்கள் என்று கருதப்பட்டவர்கள் தினம் மாத்திரை எடுத்துக்கொண்டு இயல்பான ஆயுளை நெருங்கி வாழ்கிறார்கள். அதன் காப்புரிமை வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் இந்தியாவில் குறைந்த விலையில் அந்த மாத்திரை தொடர்ந்து கிடைக்க வழி ஏற்பட்டது.

ஆகவே, "நாலாவது ஸ்டேஜ்" என்று கேட்டவுடன் கஃபன் துணியை நினைக்க வேண்டாம். எந்த உறுப்பில் தோன்றிய புற்று, எங்கே பரவியிருக்கிறது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் வகை என்பவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

'ஆறு மாதம்' எங்கிருந்து வருகிறது?

மருத்துவர் சொல்லும் 'ஆறு மாதம்' பெரும்பாலும் இடைநிலைக் கணக்கு. ஒரே நோய், ஒரே நிலையில் உள்ள 100 பேரை வரிசையாக நிறுத்துங்கள். யார் முதலில் இறந்தார், யார் கடைசியில் இறந்தார் என்று அடுக்குங்கள். வரிசையின் நடுவில் இருப்பவர் வாழ்ந்த காலம் ஆறு மாதம் என்றால், 50 பேர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். மற்ற 50 பேர் அதற்கு மேலும் வாழ்ந்தார்கள். அவர்களில் சிலர் ஓராண்டு, சிலர் மூன்றாண்டு, ஒரிருவர் பத்தாண்டுகூட வாழ்ந்திருப்பார்கள். உங்கள் அத்தா அந்த வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது அந்த எண்ணில் இல்லை.

இதற்குப் பிரபலமான உதாரணம் அமெரிக்க அறிவியல் எழுத்தாளர் ஸ்டீபன் ஜே கூல்ட். 1982-இல் அவருக்கு வயிற்று உறையில் அரிதான ஒரு புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்த நோய்க்கு அப்போதிருந்த இடைநிலை ஆயுள் எட்டு மாதம். அந்த எண்ணின் பொருளைப் புள்ளியியல் முறையில் விளக்கி அவர் 1985-இல் எழுதிய கட்டுரை இன்றும் மருத்துவ மாணவர்களால் படிக்கப்படுகிறது. அவர் இறந்தது 2002-இல், இருபது ஆண்டுகள் கழித்து, வேறொரு புற்றுநோயால்.

இதைக் கேட்டு, எல்லாருக்கும் இருபது ஆண்டு கிடைக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. மருத்துவர்களின் கணிப்பு பெரும்பாலும் எந்தப் பக்கம் தவறுகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சிகாகோவில் கடைசிக்கட்ட நோயாளிகள் 468 பேரைப் பற்றி அவர்களின் மருத்துவர்கள் சொன்ன கணிப்புகளை ஆய்வு செய்து, 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். சரியாக இருந்தவை 20 சதவீதம் மட்டுமே. 63 சதவீதக் கணிப்புகள் உண்மையில் கிடைத்ததைவிட அதிக காலத்தைச் சொல்லியிருந்தன. அதாவது, மருத்துவர் தவறும்போது பெரும்பாலும் நம்பிக்கையின் பக்கமே தவறுகிறார். அவர் 'ஆறு மாதம்' என்றால் அது குறைந்தும் போகலாம் என்பதைக் குடும்பத்தார் மனத்தில் வைக்க வேண்டும்.

எனவே "எத்தனை மாசம்?" என்று கேட்பதைவிட, "நாட்கள் கணக்கா, வாரங்கள் கணக்கா, மாதங்கள் கணக்கா, ஆண்டுகள் கணக்கா?" என்று கேட்பது நல்லது. இதற்கு மருத்துவரால் ஓரளவு நம்பகமாகப் பதில் சொல்ல முடியும்.

நோயாளியின் நடமாட்டம் இந்தக் கணிப்பில் மிக முக்கியம். எழுந்து நடந்து தன் வேலையைத் தானே பார்க்கிறாரா? பகலில் பாதிக்கு மேல் கட்டிலிலோ நாற்காலியிலோ கழிக்கிறாரா? முழுவதும் படுக்கையாகிவிட்டாரா? மருத்துவர்கள் இதை 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டுக் குறிக்கிறார்கள். உடல் எடை வேகமாகக் குறைவது, பசி அற்றுப்போவது, மூச்சுத் திணறல், குழப்பம் ஆகியவையும் அறிகுறிகள். வலி நிவாரணத் துறையினர் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு: மாதத்துக்கு மாதம் நலிவு தெரிந்தால் பெரும்பாலும் மாதங்கள், வாரத்துக்கு வாரம் தெரிந்தால் வாரங்கள், நாளுக்கு நாள் தெரிந்தால் நாட்கள்.

மருத்துவக் கணிப்பு மறைவான அறிவா?

"மவுத்தை அல்லாஹ் மட்டும்தானே அறிவான், டாக்டர் எப்படிச் சொல்லலாம்?" என்று சிலர் கோபப்படுகிறார்கள். எந்த ஆன்மாவும் தான் எந்த மண்ணில் மரணிக்கும் என்பதை அறியாது என்று லுக்மான் அத்தியாயத்தின் இறுதி வசனம் (31:34) சொல்கிறது. அல்லாஹ்வின் அனுமதியின்றி எவரும் மரணிப்பதில்லை, அது குறிக்கப்பட்ட தவணை என்று ஆலு இம்ரான் அத்தியாயம் (3:145) சொல்கிறது. இதில் நமக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் மருத்துவர் மறைவானதை அறிந்ததாகச் சொல்லவில்லை. கருமேகத்தைப் பார்த்து மழை வரும் என்று விவசாயி சொல்வதைப் போல, அடையாளங்களை வைத்து அனுமானம் செய்கிறார். அனுமானத்தை உறுதியான அறிவாக எடுப்பதும் தவறு. அது ஒன்றுமே இல்லை என்று தூக்கியெறிவதும் தவறு. ஸஹாபாக்களின் வாழ்க்கையில் இரண்டு நிகழ்வுகள் இதற்கு வழிகாட்டுகின்றன.

முதலாவது, ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுடையது. ஹிஜ்ரி 10-இல் இறுதி ஹஜ்ஜின்போது மக்காவில் அவர்கள் கடும் நோயுற்றார்கள். மரணம் வந்துவிட்டதாகவே எண்ணினார்கள். தம் சொத்து முழுவதையும் தர்மம் செய்ய வஸிய்யத் செய்யட்டுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நபியவர்கள் மறுத்து, மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் அனுமதித்து, அதுவே அதிகம் என்றும், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடாமல் வசதியோடு விட்டுச் செல்வதே சிறந்தது என்றும் விளக்கினார்கள். கூடவே, நீர் இன்னும் வாழ்ந்து உம்மால் ஒரு கூட்டம் பயனடையக் கூடும் என்ற கருத்தையும் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). அதன் பிறகு ஸஅத் (ரலி) அவர்கள் காதிஸிய்யா போரில் படை நடத்தினார்கள். கூஃபா நகரை நிறுவினார்கள். பரவலான கருத்துப்படி ஹிஜ்ரி 55-இல்தான் வஃபாத்தானார்கள்.

இரண்டாவது, உமர் (ரலி) அவர்களுடையது. ஹிஜ்ரி 23-இல் ஃபஜ்ரு தொழுகையில் கத்தியால் குத்தப்பட்டார்கள். குடிக்கக் கொடுத்த பால் காயத்தின் வழியே வெளிவந்தது. அதைப் பார்த்த மருத்துவர், வஸிய்யத் செய்துகொள்ளுங்கள் என்று நேராகவே சொன்னார். உண்மையைச் சொன்னீர் என்று உமர் (ரலி) அவர்கள் அவரைப் பாராட்டியதாக அஹ்மதில் பதிவாகியுள்ளது. உடனே தம் கடன் எவ்வளவு என்று மகனைக் கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். ஏறக்குறைய 86,000 என்று வந்தது. அதை எப்படி அடைப்பது என்று சொன்னார்கள். ஆயிஷா (ரலி) அவர்களிடம் அடக்கம் செய்ய இடம் கேட்டு அனுப்பினார்கள். அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேர் குழுவை அமைத்தார்கள் (புகாரி).

ஒருவருக்கு மரணம் என்று தோன்றியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயுள் கிடைத்தது. இன்னொருவருக்கு மருத்துவர் சொன்னது அப்படியே நடந்தது. இருவரும் செய்த வேலை ஒன்றுதான்: செய்தி தெரிந்ததும் கடனையும் சொத்தையும் பொறுப்புகளையும் பற்றிப் பேசினார்கள். ஆயுள் நீண்டதால் ஸஅத் (ரலி) அவர்களுக்கு அந்தப் பேச்சால் எந்த நட்டமும் வரவில்லை. உமர் (ரலி) அவர்களிடம் மருத்துவர் மறைத்திருந்தால் உம்மத்துக்கே நட்டம் வந்திருக்கும்.

நோயாளியிடம் மறைக்கலாமா?

எங்கள் பகுதியில் தறி வைத்திருந்த ஒரு பெரியவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். கல்லீரலில் பரவிய நோயை "குடல் புண்" என்றே பிள்ளைகள் சொல்லி வைத்தார்கள். அவர்மீது உள்ள அன்பினால்தான் செய்தார்கள். அவர் சரியாகிவிடும் என்று நம்பியே கடைசி வரை இருந்தார். ஜனாஸா முடிந்த மூன்றாம் நாள், நூல் கொடுத்தவர் வந்தார். பிறகு சீட்டு எடுத்ததன் பாக்கி வந்தது. யாருக்கு எவ்வளவு, யாரிடமிருந்து வரவேண்டியது எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மனைவிக்கு மஹர் கொடுபட்டதா என்பதே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அத்தா எல்லாத்தையும் எழுதி வெச்சிருப்பாருங்க ஹஜ்ரத்" என்று மூத்த மகன் அழுதார்.

மூமினின் ஆன்மா அவருடைய கடன் அடைக்கப்படும் வரை அதனோடு பிணைக்கப்பட்டிருக்கிறது என்ற கருத்தில் ஹதீஸ் வந்துள்ளது (திர்மிதி). தவ்பா செய்வது, மன்னிப்புக் கேட்பது, பிரிந்த உறவைச் சேர்ப்பது, அமானிதத்தை ஒப்படைப்பது ஆகியவை நோயாளியின் உரிமைகள். அவருடைய நோயை அவரிடமிருந்து மறைக்கும்போது இந்த வாய்ப்புகளும் அவர் கையைவிட்டுப் போகின்றன. மேலும், பெரும்பாலான நோயாளிகள் உள்ளூர அறிந்தே இருக்கிறார்கள். வீட்டார் மறைக்கிறார்கள் என்பதால் அவர்களும் தெரியாததுபோல் இருந்து, பயத்தைத் தனியாகச் சுமக்கிறார்கள்.

சொல்வதற்கும் முறை உண்டு. முதலில், "உங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? எல்லாம் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?" என்று கேளுங்கள். விரும்பினால் மட்டும், விரும்பும் அளவுக்குச் சொல்லுங்கள். எனக்கு வேண்டாம், மகனிடம் சொல்லுங்கள் என்றால் அதையும் மதியுங்கள். ஆனால் கடன், வஸிய்யத் பற்றி அப்போதும் கேட்டுவிடுங்கள். தேதி சொல்லாதீர்கள். "நோய் பரவியிருக்கிறது, முழுதாகப் போக்க முடியாது, கட்டுப்படுத்த முயற்சி செய்கிறார்கள், நாங்கள் கூடவே இருக்கிறோம்" என்பது போதும். சொன்ன பிறகு எழுந்து போய்விடாமல் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருங்கள்.

சிகிச்சை எதுவரை?

சிகிச்சை செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்து வைத்திருப்பதாகவும் சொன்னார்கள் (அபூதாவூத், திர்மிதி). ஆகவே "விதி" என்று சொல்லி ஆரம்பத்திலேயே கைவிடுவது சரியல்ல. ஓதிப் பார்ப்பதும் கருஞ்சீரகமும் தேனும் நல்லவைதான். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சிகிச்சையோடு சேர்த்துச் செய்யலாம். அவற்றை நம்பி, கட்டுப்படுத்தக்கூடிய நோயை முற்றவிட்டவர்கள் நம்மிடையே நிறைய.

மறுபக்கம், பலன் இல்லை என்று மருத்துவர்களே சொன்ன பிறகும், "ஊர் என்ன பேசும்" என்று அஞ்சி வீட்டையும் தறியையும் விற்று இன்னொரு கீமோ போடுவதும் நடக்கிறது. 1992-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி மருத்துவச் சிகிச்சை பற்றிய தன் 67-ஆம் தீர்மானத்தில் இதைத் தெளிவுபடுத்தியது. அல்லாஹ்வின் அருளில் நிராசை கூடாது. நோய் தீராத கட்டத்தில் உள்ளதா என்பது மருத்துவர்களின் மதிப்பீட்டையும் அந்தக் காலம், இடம், நோயாளியின் நிலையையும் பொறுத்தது. குணமாகும் வாய்ப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பராமரிப்பதும் உடல், மன வலியைக் குறைப்பதும் கடமை என்பது அதன் கருத்து.

உயிரை எடுக்க ஊசி போடச் சொல்வது ஹராம். பலனற்ற சிகிச்சையை மருத்துவர் ஆலோசனையோடு நிறுத்தி, வலியைப் போக்கும் பராமரிப்பை மட்டும் தொடர்வது அதனோடு சேராது. நாட்டின் சட்டமும் இந்த வேறுபாட்டைக் காண்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று, மீள வழியில்லாத நோயாளிக்குச் செயற்கை உயிர்காப்பு சிகிச்சையை நிபந்தனைகளோடு நிறுத்த அனுமதித்தது. அதன் நடைமுறையை 2023 ஜனவரியில் எளிதாக்கியது.

கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: இந்தச் சிகிச்சை குணப்படுத்தவா, ஆயுளை நீட்டவா, வேதனையைக் குறைக்கவா? எடுத்துக்கொண்டால் எவ்வளவு காலம் கூடுதலாக எதிர்பார்க்கலாம்? பக்க விளைவுகளால் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கழியும்? செலவு எவ்வளவு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு அத்திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சைகளும் அதில் உண்டு.

வலியோடு இருப்பது சபூரா?

நோயில் படும் துன்பம் பாவங்களுக்குப் பரிகாரம் என்பது உண்மை. முள் குத்துவதற்குக்கூட நன்மை உண்டு என்று நபிமொழி உள்ளது (புகாரி). அதற்காக, போக்கக்கூடிய வலியைப் போக்காமல் விடுவது சபூர் ஆகாது. முள் குத்தினால் எடுக்கத்தானே செய்கிறோம்?

கடும் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின்தான் முக்கிய மருந்து, மாத்திரையாகவே கொடுக்கலாம். அபினிலிருந்து வருவது என்பதால் ஹராமோ என்று சிலர் தயங்குகிறார்கள். மருத்துவர் கண்காணிப்பில், தேவைக்காக, அளவோடு எடுப்பது கூடும் என்பதே உலமாக்களின் நிலைப்பாடு. சரியான அளவில் கொடுத்தால் அது மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. வலிக்காக எடுப்பவர் போதைக்கு அடிமையாவதும் அரிது. மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் சேர்த்தே தருவார்கள். வலி வந்த பிறகு தேடாமல், குறித்த நேரத்தில் கொடுப்பதே முறை. போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் செய்த திருத்தம், மருத்துவமனைகள் இதை வைத்திருப்பதை எளிதாக்கியது.

வலி நிவாரணச் சிகிச்சை என்றால் "இனி ஒண்ணும் முடியாது" என்று அனுப்பிவிடுவது என்று எண்ணுகிறோம். 2010-இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே இந்தப் பராமரிப்பையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம்; பெறாதவர்களுக்கு 8.9 மாதம். மனச்சோர்வும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது.

நமக்கு அருகிலேயே முன்மாதிரி உள்ளது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் ஆகியோர் தொடங்கிய வலி நிவாரணச் சங்கத்திலிருந்து, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களே நோயாளியின் வீட்டுக்குச் செல்லும் முறை வளர்ந்தது. முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் மலப்புரத்தில் அது வேரூன்றியது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. நம் ஜமாஅத்துகளில் ஜனாஸா வேலைக்கு ஓடிவர இளைஞர்கள் இருக்கிறார்கள். மரணத்துக்கு முந்தைய மாதங்களிலும் அந்த வீட்டுக்குச் செல்ல ஒரு குழு அமைக்க முடியாதா?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையிலிருக்கும் நோயாளிகளுக்கு வீட்டிலேயே வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். 104 எண்ணிலும் விசாரிக்கலாம். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஈரோடு, கோவை அரசு மருத்துவமனைகளிலும் வலி நிவாரணப் பிரிவு பற்றிக் கேளுங்கள். வீட்டில் பார்க்க ஆளில்லாதவர்களுக்குச் சென்னை மாத்தூரில் உள்ள ஜீவோதயா போன்ற இல்லங்கள் இருக்கின்றன.

தொழுகையும் நோன்பும்

இங்கே ஹனஃபி மத்ஹபின் சட்டங்களைத் தருகிறேன். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தலையால் சைகை செய்து தொழலாம். தலையையும் அசைக்க முடியாத நிலை ஒரு பகல், ஓர் இரவுக்கு மேல் நீடித்தால் அந்தத் தொழுகைகளுக்குக் களா இல்லை. தண்ணீர் கெடுதல் செய்யும் என்றாலோ, ஒளூ செய்துவிட ஆளில்லை என்றாலோ தயம்மும் செய்யலாம். சிறுநீர்க் குழாய், வயிற்றில் மலப்பை, நிற்காத இரத்தக் கசிவு உள்ளவர் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒரு ஒளூ செய்துகொண்டால் போதும். நோயாளியைத் திருப்புவது வேதனை தரும் என்றால் கிப்லாவின் பக்கம் திருப்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

நோன்பு பிடிக்க முடியாமல், இனி முடியும் என்ற எதிர்பார்ப்பும் இல்லாதவர் ஒரு நோன்புக்கு ஒரு ஃபித்ரா அளவு ஃபித்யா கொடுக்கலாம். அல்லாஹ் நாடி அவர் தேறிவிட்டால் அந்த நோன்புகளைக் களாச் செய்ய வேண்டும். மருத்துவக் கணிப்பு மாறக்கூடும் என்பதை நம் ஃபிக்ஹ் சட்டமே கணக்கில் எடுத்திருப்பதைக் கவனியுங்கள்.

வஸிய்யத்தும் சொத்தும்

வஸிய்யத் செய்ய ஏதேனும் உள்ள ஒரு முஸ்லிம், அது எழுதப்படாமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற கருத்தில் ஹதீஸ் உள்ளது (புகாரி, முஸ்லிம்). முதலில் எழுத வேண்டியது கடன்: நூல் கடை, சீட்டு, கைமாற்று, மனைவியின் மஹர் பாக்கி, விடுபட்ட ஜகாத். பிறகு வரவேண்டியவை. பிறகு, மூன்றில் ஒன்றுக்குள் வாரிசு அல்லாதவருக்கோ தர்மத்துக்கோ வஸிய்யத். இரண்டு சாட்சிகளோடு எழுதுங்கள்.

இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. மரண நோயில் இருப்பவர் ஒரு மகனுக்கு மட்டும் வீட்டை ஹிபாவாக எழுதிக் கொடுத்தால், அது அன்பளிப்பாக அல்ல, வஸிய்யத்தாகவே கருதப்படும். வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பதால், மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும். இந்திய நீதிமன்றங்களும் 'மர்ளுல் மவ்த்' என்ற இந்தச் சட்டத்தை ஏற்கின்றன. நோய் கூடாமல் ஓராண்டுக்கு மேல் ஒரே நிலையில் நீடித்தால் அவர் ஆரோக்கியமானவரைப் போலவே கருதப்படுவார். பிறகு நோய் தீவிரமடைந்தால் அப்போதிருந்து மரண நோயாகக் கணக்கிடப்படும். பெண் பிள்ளைகளின் பங்கைக் குறைக்க, படுக்கையிலிருக்கும் தந்தையின் கைரேகையை உருட்டும் வேலை மறுமையில் மட்டுமல்ல, நீதிமன்றத்திலும் நிற்காது.

கடைசி நாட்களில்

இறுதி நாட்களில் நோயாளி அதிகம் தூங்குவார். உணவு, தண்ணீரை மறுப்பார். கை கால் குளிரும். மூச்சு விட்டு விட்டு வரும். தொண்டையில் கரகரவென்று ஓசை கேட்கும். இவை உடல் தன் வேலையை நிறுத்திக்கொள்வதன் இயல்பான அடையாளங்கள். சாப்பிடாததால் இறக்கிறார் என்று எண்ணி வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். நோயாளிகளை உண்ணவும் குடிக்கவும் வற்புறுத்தாதீர்கள் என்ற கருத்தில் திர்மிதியில் ஹதீஸும் உண்டு. ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தால் போதும்.

பக்கத்தில் ஒருவர் மெதுவாகக் கலிமா சொல்லட்டும். நோயாளியைச் சொல்லச் சொல்லி நெருக்க வேண்டாம். ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். யாஸீன் ஓதலாம். அல்லாஹ்வைப் பற்றி நல்லெண்ணத்தோடு மரணிக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தம் வஃபாத்துக்கு மூன்று நாட்களுக்கு முன் வலியுறுத்தினார்கள் (முஸ்லிம்). அவர் செய்த நன்மைகளை நினைவூட்டுங்கள். பார்க்க வருபவர்கள் குறைந்த நேரம் இருந்து துஆ செய்துவிட்டுக் கிளம்புங்கள். இரவும் பகலும் கவனித்துக்கொள்ளும் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வேளை சாப்பாடு கொண்டுபோவது, ஒரு இரவு நாம் விழித்திருந்து அவர்களைத் தூங்க விடுவது பெரிய நன்மை.

ஒரு வார்த்தை இன்னும் நோய் வராதவர்களுக்கு. மார்பகம், கருப்பை வாய், வாய்ப் புற்றுநோய்களை முன்கூட்டியே கண்டறியும் அரசுப் பரிசோதனைத் திட்டம் 2023 இறுதியில் முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் நம் ஈரோடும் ஒன்று. வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடாமல் நம் பெண்கள் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று இஷாவுக்குப் பிறகு கேட்டவருக்குச் சொல்லும் பதில் இதுதான்: "அத்தாகிட்ட பக்குவமா சொல்லிருங்க தம்பி. ஆறு மாசம்ங்கற கணக்கைச் சொல்ல வேண்டாம், அது யாருக்கும் தெரியாது. வலிக்கு மருந்து வாங்கிக் கொடுங்க. கணக்கு வழக்கைக் கேட்டு எழுதி வெச்சுக்கங்க. ஷிஃபாவுக்கும் துஆ செய்யுங்க. நாளைக்கு அஸருக்கு அப்புறம் நானும் வீட்டுக்கு வர்றேன்."

அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவானாக. வாழ்வு நலமாக இருக்கும் வரை வாழவைத்து, மரணம் நலமாகும்போது ஈமானோடு கைப்பற்றுவானாக. ஆமீன்.